ஓசியில் வந்த சிஸ்டம்

ஆரியசாலைச் சந்துக்குள் சரக்கு லாரி நுழைந்துவிட்டால் ஆள் நடக்க இடம் இருக்காது. அப்படி ஒரு சாயங்காலம், லாரிக்கும் சுவருக்கும் இடையில் ஒடுங்கி நெளிந்து கலைச்செல்வியின் கடைக்கு வந்து சேர்ந்தாள் பேச்சி. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து திருவனந்தபுரத்தில் கட்டட வேலை செய்கிறவள். மகள் முத்துமாரிக்கு நர்சிங் சீட்டு கேட்டு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். ஐந்து மணியோடு சரி.

கலைச்செல்வியின் கடை, ஆன்லைன் விண்ணப்பங்கள் போட்டுக் கொடுக்கிற கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், இரண்டு ஸ்டூல். அவ்வளவுதான் சாம்ராஜ்யம். சான்றிதழ்களை ஸ்கேன் செய்து ஏற்றி, பாதிப் பாரம் நிரப்பியிருந்தாள். நாலே முக்காலுக்குத் திரை இருண்டது. திரும்பப் போட்டாள். மறுபடி இருண்டது.

சர்வீஸ் பார்க்கிற அனிலுக்குப் போன் போட்டாள். அந்தச் சந்தில் இன்னும் பதினெட்டுக் கடைகளுக்கும் அவன்தான் கம்ப்யூட்டர் வைத்தியன்.

"சேச்சி, ஞான் தூரத்துல, கழக்கூட்டம் ஊர்ல இருக்கேன். நாளைக்குக் காலையில வரேன், கேட்டோ," என்று வைத்துவிட்டான்.

பேச்சியைக் கூட்டிக்கொண்டு அடுத்த தெருக் கடைக்கு ஓடினாள். அங்கே ஏழு பேர் வரிசை. முறை வந்தபோது மணி ஐந்து பத்து. பேச்சி காகிதங்களைப் பிளாஸ்டிக் பைக்குள் அடுக்கிக்கொண்டு போனாள். அடுத்த வாரமே முத்துமாரி சாலைக் கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் துணி மடிக்கப் போய்விட்டாள் என்று கலைச்செல்வி கேள்விப்பட்டாள்.

அனில் வந்து எழுப்பி வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு, தனக்குத் தெரிந்த பள்ளிக் கம்ப்யூட்டர் ஆசிரியை ஷிஜாவிடம் போனாள். ஷிஜா அரைமணி நேரம் குடைந்து பார்த்தாள்.

"கலே, இது கள்ள விண்டோஸ் அல்லே? ஒரிஜினல் இல்ல. பூட்டை உடைக்கிற புரோகிராமைப் போட்டு, பாதுகாப்பு அப்டேட்டை எல்லாம் அடைச்சு வச்சிருக்கான். அதோட மூணு மாசத்துக்கு ஒருக்கா தானே படுத்துக்கிற மாதிரி ஒரு டைமரும் வச்சிருக்கான். அப்பத்தானே நீ அவனைக் கூப்பிடுவே?"

கலைச்செல்வி கொதித்துப் போனாள். போலீசுக்குப் போகலாம்தான். போனால் பதினெட்டுக் கடைக்காரரும் கள்ளக் காப்பி வைத்த குற்றத்துக்குச் சேர்ந்தல்லவா நிற்க வேண்டும்? அவள் வேறு வழி பிடித்தாள். அனிலின் வாடிக்கைக் கடைகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாள்.

அவள் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். பத்தாம் வகுப்பு வரை கைபழகியது, விண்டோஸுக்குப் பதிலாகக் கேரளப் பள்ளிகளில் சொல்லிக்கொடுக்கிற லினக்ஸ் சிஸ்டத்தில்தான். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கலாம், பூட்டும் கிடையாது திருட்டும் கிடையாது. ஷிஜாவிடம் மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மறந்ததை மீட்டாள். பிறகு கடை கடையாக இறங்கினாள்.

சும்மா எல்லார் தலையிலும் ஒன்றையே கட்டவில்லை. முதலில், என்ன வேலைக்கு என்று கேட்டாள். பில் அடிக்கவும் கடிதம் எழுதவும் நெட் பார்க்கவும் என்றால், பழைய கம்ப்யூட்டரிலும் ஓடக்கூடிய எளிய லினக்ஸ். வரிக் கணக்கு எழுதுகிற லிங்கராஜிடம், "அண்ணா, உங்க புரோகிராம் விண்டோஸ்ல மட்டும்தான் ஓடும். ஒரிஜினலாவே வாங்கிடுங்க," என்று உள்ளதைச் சொன்னாள். மிளகு மொத்த வியாபாரி வேலப்பனின் நாலு குடோனுக்கும் ஒரே சர்வர். அதற்கு, பல வருடம் அப்டேட் வருகிற, அடிக்கடி மாற்ற வேண்டாத லினக்ஸ் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் போட்டாள். தகவலுக்குத் தனியாக ஒரு நகலும் எடுத்து வைத்தாள்.

அனில் வேலப்பனிடம் ஓடிவந்தான். "முதலாளி, ஓசி சாமானம் இது. கேடு வந்தா ஆரு வருவா?"

பக்கத்தில் நின்ற கலைச்செல்வி சொன்னாள்: "நீ வராம இருக்கணும்னுதான் போட்டிருக்கு."

பழி வாங்குவதில் ஒரு ருசி இருக்கிறது, இல்லை என்று சொல்கிறவர் பொய் சொல்கிறார். ஒவ்வொரு கடையாக முடிக்கும்போதும் சிவப்புப் பேனாவால் ஒரு பெயரை அடித்தாள். அன்றைக்கெல்லாம் சோறு கூடுதலாக இறங்கியது. அனில் பைக்கில் கடந்து போனால், வாசலுக்கு வந்து நின்று அவன் முகத்தைப் பார்ப்பாள். பத்து மாதத்தில் பதினெட்டுப் பெயர்களும் சிவப்பாகிவிட்டன.

மறு வருட விண்ணப்பம் திறந்த முதல் நாளே பேச்சி வந்துவிட்டாள். பாதிப் பாரம் போய்க்கொண்டிருக்கும்போது அனிலும் வந்தான். ஆள் வாடியிருந்தான்.

"சேச்சி, மதி, போதும். எனக்கு இனி இந்தச் சந்துல ஒரு கடையும் இல்ல."

இந்த நாளுக்காகத்தானே கலைச்செல்வி காத்திருந்தாள்! நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். "எங்கிட்ட சொல்லாதே. இந்த அக்காகிட்டச் சொல்லு. இவங்க மகளோட ஒரு வருஷத்தைத் தின்னவன் நீ."

அனில் பேச்சியைப் பார்த்துக் கைகூப்பினான். "அக்கா, டைமர் வச்சது ஞான்தான். தப்பு எண்டேதான்." பிறகு கலைச்செல்வி பக்கம் திரும்பினான். "ஆனா சேச்சி, கடை திறந்த அன்னைக்கு லினக்ஸ் போடட்டான்னு கேட்டேனே, ஓர்மை உண்டா? 'அது பிள்ளைங்க படிக்கிறது, கடைக்குக் கவுரவமா விண்டோஸ் வேணும், ஆனா காசு தரமாட்டேன், எங்கேந்தாவது எடுத்துப் போடு'ன்னு சொன்னது ஆரு?"

சுவரில் ஒட்டிய தாளைத் திரும்பிப் பார்த்தாள் கலைச்செல்வி. அப்படித்தான் சொன்னாள். பத்து மாதம் சிவப்புப் பேனா பிடித்த கை, தன் பெயரை அதில் எழுத மறந்திருந்தது.

பேச்சி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நெசமாம்மா?"

"நெசம்தான் அக்கா."

"எனக்காவ இவன் பொழப்பப் பறிச்சியாக்கும்? பறிச்சுக்கோ. களவாண்டதுன்னு தெரிஞ்சுதான நீ வாங்குன? எம்மவ வருசத்த எந்தக் கடையில போயி வாங்கித் தருவ?"

அனில் தலை குனிந்து படியிறங்கினான். அவனை மன்னித்ததாகப் பேச்சியும் சொல்லவில்லை, கலைச்செல்வியும் சொல்லவில்லை.

"நேர்மையா ஓசியில கிடைக்கிறதை எடுக்க வெக்கப்பட்டேன், திருட்டை எடுக்க வெக்கப்படல," என்றாள் கலைச்செல்வி. "திருடினது ஓசி இல்ல அக்கா. அதுக்கு விலை உண்டு. நாம கொடுக்காட்டா, ஒண்ணுமறியாத யாரோ கொடுக்கிறாங்க."

"எம்மவ குடுத்தா," என்றாள் பேச்சி. "இன்னொருத்தி மவ குடுக்காமப் பாத்துக்கோ. இப்ப பாரத்தப் போடு."