நடுவில் நின்ற ஊசி

எஞ்சின் ஜாம் ஆனதற்குத் தம்பிதான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். அக்கா மற்றவர்களைவிட ஒரு படி சத்தமாகவே சொன்னாள்.

அதைச் சொல்ல மற்றவர்களைவிடத் தனக்கு உரிமை அதிகம் என்று அவள் நினைத்தாள். கார் மீட்டர்களைச் சரிசெய்வதுதான் பதினான்கு வருடமாக அவள் பிழைப்பு. டயர் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வாசலில் நிற்க வேண்டிய ஒரு அறை. மெக்கானிக்குகளுக்கு அவள் ‘மீட்டர் அக்கா’. வேகம், பெட்ரோல், எஞ்சின் சூடு, எந்த ஊசி தப்பாகக் காட்டினாலும் டாஷ்போர்டிலிருந்து மீட்டர் போர்டைக் கழற்றி அவள் மேசைக்குத்தான் கொண்டுவருவார்கள்.

தம்பி ஒரு டாக்ஸி கம்பெனியில் டிரைவர். ஸ்டியரிங்கைப் பிடித்தால் வாய் தானாக எதையாவது முணுமுணுக்கும். அதனால் பாட்டுக்காரன் என்று பெயர். டயாலிசிஸுக்குப் போகும் ஒரு அம்மாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனபோது, மேம்பாலத்தின் ஏற்றத்தில் புகை கிளம்பி வண்டி நின்றுவிட்டது. பின்னால் வந்த சரக்கு வண்டியை மறித்து, அந்த அம்மாவைக் கைத்தாங்கலாக ஏற்றி அனுப்பிய பிறகுதான் அவன் முதலாளிக்கு போன் செய்தான். மறுநாள் வேலை போனது.

“பாட்டுப் பாடிக்கிட்டே ஓட்டினா ஊசி எங்க கண்ணுக்குத் தெரியும்?” என்றார் முதலாளி. அந்தப் பேச்சுக்குக் கால் முளைத்துவிட்டது. வேறு இரண்டு கம்பெனிகளில் வேலை கேட்டுப் போனான். இரண்டு இடத்திலும் அவனுக்கு முன்பே அது போய் உட்கார்ந்திருந்தது.

“ஊசி நடுவுலதான் நின்னுச்சுக்கா. சத்தியமா நடுவுலதான்” என்றான் அக்காவிடம். அவள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“எஞ்சின் கொதிக்குறப்ப ஊசி நடுவுல நிக்குமா? யார்கிட்ட வந்து கதை விடுற? மீட்டர் பொய் சொல்லாதுடா. மனுஷன்தான் சொல்லுவான்.”

அவன் பாதித் தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனான். அதற்குப் பிறகு அவள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து அந்தக் கம்பெனியின் ஃபோர்மேன் ஒரு துணிப்பையோடு கடைக்கு வந்தார். அவர் அங்கே வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. பாட்டுக்காரன் இவளுடைய தம்பி என்பது அவருக்குத் தெரியாது. பையிலிருந்து இரண்டு மீட்டர் போர்டுகளை எடுத்து வைத்தார்.

“பாலத்துல நின்ன வண்டிக்கு வேற எஞ்சின் மாட்டியாச்சு. போர்டையும் மாத்தச் சொல்லிட்டாரு முதலாளி. இது இன்னொரு வண்டியில கழட்டினது. பழசுல ஓடியிருக்கிற கிலோமீட்டர அப்படியே இதுல ஏத்திருங்க. வேகத்தையும் ஒரு தடவ சரி பாத்துருங்க.”

“சரி. பழச வந்து எடுத்துக்கிறீங்களா?”

“வேணாம். உடைச்சுக் குப்பையில போட்டுருங்க.”

அவள் தலையாட்டினாள். வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். “மறக்காம உடைச்சுருங்க, என்ன?”

ஒரு முறை சொல்லியிருந்தால் அவள் யோசித்திருக்க மாட்டாள். பழைய போர்டை எந்த ஒர்க்‌ஷாப்பும் வீசாது. கண்ணாடி, பல்பு, பல்சக்கரம் என்று ஒன்றைப் பிரித்து நாலுக்கு உயிர் கொடுக்கலாம். இவருக்கு மட்டும் ஏன் உடைப்பதில் இத்தனை அக்கறை?

முதலில் கொடுத்த வேலையைச் செய்தாள். மாற்றுப் போர்டில் கிலோமீட்டரை ஏற்றினாள். அறுபதில் ஓடும் வண்டிக்கு ஊசி அறுபத்தாறு காட்டியது. அதை இறக்கி, முப்பதிலும் தொண்ணூறிலும் வைத்துப் பார்த்துச் சரிசெய்தாள். பிறகு பழைய போர்டை இழுத்து முன்னால் வைத்து, பேட்டரி ஒயரைக் கொடுத்தாள்.

எஞ்சினில் இருக்கும் சென்சாருக்குப் பதிலாக அவளிடம் திருகு வைத்த ஒரு சின்னப் பெட்டி உண்டு. திருகைத் திருப்பினால், எஞ்சின் குளிர்ந்திருக்கிறது, சூடாகிறது, கொதிக்கிறது என்று மீட்டருக்குச் சேதி போகும். சூட்டு ஊசி நேராக நடுவுக்கு ஏறி நின்றது. திருகைக் கொதிநிலை வரை திருப்பினாள். ஊசி நடுவில். குளிருக்கு இறக்கினாள். நடுவில். பெட்டியின் ஒயரைப் பிடுங்கியே போட்டாள். அப்போதும் ஊசி அசையாமல் நடுவில் நின்றது, எனக்கென்ன வந்தது என்பதுபோல.

பின்மூடியைக் கழற்றினாள். சென்சாரிலிருந்து ஊசிக்கு வரும் செம்புத் தடத்தை யாரோ பிளேடால் சுரண்டி அறுத்திருந்தார்கள். அதற்குப் பதிலாக ஊசிக்கு எப்போதும் ஒரே அளவு மின்சாரமே போகும்படி அரிசி மணி அளவில் ஒரு ரெசிஸ்டரைப் பற்றவைத்திருந்தார்கள். எஞ்சின் என்ன கதியானாலும் ஊசி நடுவைவிட்டு நகராது. கொதித்தால் சிவப்பாக எரிய வேண்டிய பல்பைக் கழற்றிவிட்டு, அந்தப் பொந்தில் கறுப்பு டேப்பை ஒட்டியிருந்தார்கள்.

அவளுக்குக் காது மடல் சுட்டது. நாலைந்து மாதத்துக்கு முன்பு தம்பி இதே கடை வாசலில் நின்று சொன்னது நினைவுக்கு வந்தது. “அக்கா, காலைல சாவியப் போட்ட உடனே ஊசி நடுவுக்கு ஏறிடுது. எஞ்சின் பச்சத் தண்ணியா இருக்குது, அப்பவே ஏறிடுது.” அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “புது சென்சாரா இருக்கும். போய் ஓட்டு.” அவ்வளவுதான் சொன்னாள்.

மூடியின் உள்பக்கத்தில் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு தேதி இருந்தது. அவள் கையெழுத்து. இரண்டு வருடத்துக்கு முன் பெட்ரோல் ஊசிக்காக இதே போர்டு அவளிடம் வந்திருக்கிறது. வேலை முடிந்ததும் உள்பக்கத்தைப் படம் எடுத்து வைப்பது அவள் வழக்கம். போனில் தேடி எடுத்தாள். படத்தில் தடம் முழுசாக இருந்தது, பல்பும் இருந்தது.

கடையைப் பூட்டிவிட்டு நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள். தம்பி பெண்டாட்டி துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். நாத்தனாரைப் பார்த்தும் தேய்ப்பதை நிறுத்தவில்லை. தம்பி ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தான். அவள் போர்டை அவன் மடியில் வைத்து, நடந்ததை ஒரே மூச்சில் சொன்னாள்.

அவன் துள்ளிக் குதிப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் ரெசிஸ்டரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “ஓ” என்றான்.

“என்னடா ஓ? நாளைக்குக் காலைல போறோம். அவன் மேசை மேலயே இதப் போட்டு, நாலு பேர் முன்னாடி…”

“நீ போக்கா. அவன் நம்பலன்னு எனக்கு ஒண்ணுமில்ல. அவன் முதலாளி, அப்படித்தான் பேசுவான். நீயுந்தான நம்பல?”

இஸ்திரிப் பெட்டி ஒரு கணம் நின்று மறுபடி நகர்ந்தது. அக்கா அவன் மடியிலிருந்த போர்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

காலையில் அவள் தனியாகத்தான் போனாள். ஒரு கையில் போர்டு, மறு கையில் பேட்டரி. அப்போதுதான் ஷிப்ட்டுக்கு வந்திருந்த டிரைவர்கள் ஷெட்டுக்குப் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடித் தடுப்பு போட்ட அறையில் முதலாளி. எதிரில் ஃபோர்மேன். கதவை அவள் சாத்தவில்லை.

“வேல முடிஞ்சுதா மீட்டர் அக்கா? நீங்களே தூக்கிட்டு வரணுமா?” என்றார் ஃபோர்மேன். அவள் கையில் இருப்பது பழைய போர்டு என்று தெரிந்ததும் அவர் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்தது.

அவள் மேசையில் இருந்த காகிதங்களை ஒதுக்கிவிட்டுப் போர்டை வைத்து ஒயரைக் கொடுத்தாள். ஊசி நடுவுக்கு ஏறியது.

“எஞ்சினே இல்ல. மேசை மேல இருக்குது. ஆனா எஞ்சின் சூடு நார்மல்னு காட்டுது பாருங்க சார். உங்க மேசை நல்லா ஓடுது போல.”

வெளியே ஒரு டிரைவர் சிரித்துவிட்டார். முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். “பழைய வண்டிம்மா. எனக்கு முன்னாடி வெச்சிருந்தவன் எவனாவது பண்ணியிருப்பான்.”

அவள் போனை நீட்டினாள். “இது ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி. அப்ப வண்டி உங்களோடதுதான், நீங்கதான் அனுப்பினீங்க. உள்ள என் கையெழுத்து இருக்குது.”

“இப்ப உனக்கு என்னதான் வேணும்? எதுக்கு இவ்வளவு துள்ற?”

“பாட்டுக்காரன் என் தம்பி.”

ஃபோர்மேன் நாற்காலியை லேசாகப் பின்னுக்குத் தள்ளினார். அவள் அவரைப் பார்க்கவில்லை. திறந்த கதவு வழியாக வெளியே பார்த்துக் கேட்டாள். “அண்ணே, உங்கள்ல யாருக்காவது, சாவியப் போட்ட உடனே சூட்டு ஊசி நடுவுக்கு வருதா?”

நரைத்த மீசை டிரைவர் ஒருவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தன் வண்டிக்குப் போனார். விடிய விடிய நின்று குளிர்ந்திருந்த வண்டி. சாவியைத் திருப்பினார். குனிந்து பார்த்தார். இறங்கி, பானெட்டைத் திறந்து, எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

“ஜில்லுனு இருக்குது. ஊசி நடுவுல நிக்குது” என்றார். “நேத்து இந்த வண்டியிலதான்யா என் பேத்தியக் கூட்டிட்டு மலைக்குப் போனேன்.”

மற்றவர்களும் ஓடினார்கள். பதினோரு வண்டியில் மூன்று அப்படி இருந்தன. மூன்று டிரைவர்களும் சாவிகளைக் கொண்டுவந்து முதலாளியின் மேசையில் வைத்தார்கள். அதைப் பார்த்து மற்றவர்களும் வைத்தார்கள்.

“டேய், புக்கிங் நிக்குதுடா! எடுங்கடா வண்டிய!” முதலாளி எழுந்து கத்தினார். யாரும் அசையாததைக் கண்டு ஃபோர்மேன் பக்கம் திரும்பினார். “யாரக் கேட்டுடா இதையெல்லாம் பண்ணின?”

ஃபோர்மேனுக்கு அது பொறுக்கவில்லை. “யாரக் கேட்டா? ரேடியேட்டர் போச்சு, மாத்தணும்னு நாலு தடவ சொன்னேன். சீசன் முடியட்டும்னீங்க. ஊசி ஏறினா இவனுங்க வண்டிய ஓரங்கட்டிடுறானுங்க, ஊசி ஏறாம ஏதாவது பண்ணுன்னு நீங்கதான சார் சொன்னீங்க? இப்ப யாரக் கேட்டன்னா?”

“ஊசி ஏறினா டிரைவர் வண்டிய நிப்பாட்டுறான்” என்றாள் அக்கா. “ஒழுங்கா வேல பாக்குறான், அதானே உங்களுக்குக் கஷ்டம்? அதுக்கு அவன் கண்ணக் கட்டிட்டு, அப்புறம் அவனுக்குக் கண்ணு தெரியலன்னு ஊரெல்லாம் சொன்னீங்களா? அந்த அம்மாவுக்கு அன்னிக்கு ஏதாவது ஆகியிருந்தா அதையும் அவன் பாட்டு மேலதான் போட்டிருப்பீங்க!”

அன்று மதியம் வரை ஒரு வண்டியும் ஷெட்டைவிட்டு நகரவில்லை. மூன்று ரேடியேட்டர்களுக்கும் ஆர்டர் போன பிறகுதான் டிரைவர்கள் மற்ற வண்டிகளின் சாவியை எடுத்தார்கள். பாட்டுக்காரன்மேல் தப்பில்லை என்று எழுத்தில் வேண்டும் என்று நரைத்த மீசைக்காரர் அடம்பிடித்தார். சாயங்காலம் அந்தக் கடிதத்தை அவரே தம்பி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அக்காவும் கூட வந்து, வாசலுக்கு வெளியே நின்றாள்.

தம்பி படித்தான். “‘எதிர்பாராத தொழில்நுட்பக் கோளாறு காரணமாக…’ கோளாறா? பிளேடால அறுத்ததுக்குப் பேரு கோளாறா? எதிர்பாராததா?” மூன்று வாரத்தில் முதல் முறையாக அவன் குரல் உயர்ந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். கடிதம் இரண்டு முறை திரும்ப எழுதப்பட்டது. மூன்றாவதில்தான், வேண்டுமென்றே மீட்டரை மாற்றி வைத்தது, ரேடியேட்டரைப் பழுதுபார்க்காதது, டிரைவர்மேல் பொய்ப் பழி போட்டது எல்லாம் முதலாளியின் கையெழுத்தோடு வந்தன. வேலைக்குத் திரும்பி வரச் சொன்னார்கள்; அவன் மாட்டேன் என்றான். அந்தக் கடிதத்தின் நகலோடு போனபோது, முன்பு இல்லையென்று சொன்ன கம்பெனி ஒன்றே அடுத்த வாரம் வரச் சொன்னது.

நகல் எடுக்க அவன் அக்கா கடைக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குத்தான் வந்தான். எடுத்துக்கொண்டு, அவள் கடை வாசலில் வந்து நின்றான்.

“உள்ள வாடா” என்றாள்.

“வரேன். உன் லெட்டர் எங்க?”

“என்ன லெட்டர்?”

“அவன் எழுதித் தந்துட்டான். நீ?”

விளையாடுகிறானோ என்று முகத்தைப் பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை. அவள் பில் புத்தகத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். அவன் உள்ளே வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

“‘நீ சொன்னதைக் கவனிக்கவில்லை’யா? அத அடி. ‘நம்பவில்லை’ன்னு எழுது.”

அவள் அடித்துவிட்டு எழுதினாள்.