வெளுத்த துணியின் தடம்

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணியை யாரும் கடையில் வாங்குவதில்லை. வீட்டுக்கு ஒருவர் தறியிலோ வெளுப்பிலோ இருப்பார். துணி தானாக வந்துவிடும். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து என் தங்கை மாதுரிக்கு ஆபரேஷனில் பிள்ளை பிறந்தது. அவள் வீட்டுக்காரர் வரதராஜ் புண்ணுக்குக் கட்டக் கொண்டுவந்த சுருளில் பாதியை நான் ஆராய்ச்சிக்குக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஓசியில் கிடைத்தால் விடுகிற ஆள் இல்லை நான்.

வேலை லேசுதான். துணியைத் துத்தநாக உப்புக் கரைசலில் ஊறவைத்து, உலர்த்தி, அறுநூறு டிகிரியில் எரிக்க வேண்டும். பஞ்சு எரிந்துபோகும், அதன் வடிவத்திலேயே துத்தநாக ஆக்சைடு நானோ இழைகள் நிற்கும். அவற்றின் மேற்பரப்பைப் படமெடுப்பதுதான் என் ஆய்வு.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆய்வகத்தில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பை இயக்குபவர் இம்மானுவேல். காலையில் அவர் படத்தைப் பெரிதாக்கியபோது இழைகளின் மேல் வட்ட வட்டமாகத் தடங்கள் தெரிந்தன. எல்லாம் ஒரே அளவு, நடுவில் குழிந்தவை.

"ரத்த அணு மாதிரில்லா இருக்கு மேடம்" என்றார்.

அவர்மேல் எரிந்து விழுந்தேன். வெளுத்து வந்த புதுத் துணி. அப்படியே இருந்தாலும் அந்தச் சூட்டில் என்ன மிஞ்சும்? வேறு மூலையில் வெட்டிய துண்டை வைக்கச் சொன்னேன். அதிலும் அதே தடம்.

டீ குடித்துவிட்டு வந்து முதல் துண்டின் அதே இடத்தைப் பார்த்தோம். முன்பு பதினொன்று இருந்தன. இப்போது எண்ண முடியவில்லை. இம்மானுவேல் என்னைக் கேட்காமலேயே இயந்திரத்தை நிறுத்தினார்.

மீதிச் சுருளில்தான் மாதுரி வயிற்றுப் புண்ணுக்குக் கட்டியிருக்கிறது. போன் போட்டுப் புண் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"அது காஞ்சிருச்சுக்கா. கட்டுதான் ஒரு மாதிரி இருந்துச்சு. புண்ணுல பட்ட பக்கம் வெள்ளையா இருந்துச்சு. வெளிப்பக்கம் நனைஞ்சு நனைஞ்சு சிவப்பாச்சு."

உடனே அவிழ்த்து எறியச் சொன்னேன். காலையிலேயே எறிந்துவிட்டதாகச் சொன்னாள். சுருளில் மிச்சம் இருந்ததே, அது எங்கே என்றேன்.

"நல்ல துணிய எதுக்கு வீணாக்கன்னு நாலா மடிச்சுப் பிள்ளைக்கு விரிச்சிருக்கேன். ரெண்டு மணி நேரமா அழுவாம தூங்குதான்."

"பிள்ளையத் தூக்கு மாதுரி."

போனைக் கட்டிலில் வைக்கும் சத்தம் கேட்டது. உறக்கம் கலைந்த பிள்ளை அழும் என்று காத்திருந்தேன். கேட்டது மாதுரியின் அலறல்.