கழிமுகத்தில் மூன்று மாதச் சேறு

செயற்கைக்கோள் கழிமுகத்துக்கு மேலே வர ஆறு நிமிடம்தான் இருந்தது. ஆய்வாளருக்குப் படகில் இருப்புக் கொள்ளவில்லை.

மேலிருந்து எடுக்கும் படத்தில் தண்ணீரின் நிறத்தைப் பார்த்து, அதில் எவ்வளவு சேறு கலந்திருக்கிறது என்று கணக்குப் போடுவார்கள். அதே நேரத்தில் அவள் புட்டியில் பிடிக்கும் தண்ணீர்தான் அந்தக் கணக்குக்குச் சாட்சி. மூன்று மாதமாக இரண்டும் ஒத்துப்போகவில்லை. புட்டியில் எப்போதும் இரண்டு மடங்கு சேறு.

"அந்த சாட்டிலைட்டுக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சு! சீக்கிரம் ஓட்டுங்க அத்தான்!"

படகோட்டியான அக்காள் கணவர் வேகத்தைக் கூட்டினார். குறித்த இடம் வந்ததும் அவள் வழக்கம்போல் படகின் பின்பக்கம் குனிந்து புட்டியை முக்கினாள். அதே பழுப்பு.

"கோச்சுக்காதம்மா. இங்க இடுப்பளவுதான் தண்ணி. நம்ம இன்ஜின் தரையைக் கிண்டிக்கிட்டே வருது. கிண்டுன இடத்துல மொண்டா சேறு வராம பன்னீரா வரும்?"

அவள் திரும்பிப் பார்த்தாள். படகு வந்த வழி நெடுகப் பழுப்புக் கோடு. இரு பக்கமும் தெளிந்த பச்சை. செயற்கைக்கோளைத் திட்டி மேலிடத்துக்கு அவள் எழுதிய நான்கு கடிதங்களும் நினைவுக்கு வந்து காதைச் சுட்டன.

"மூணு மாசமா ஏன் வாயத் திறக்கல?"

"நீ எங்க பேச விட்ட? அடுத்த தடவை அரை மணி முன்னாடியே வந்து, இன்ஜினை அணைச்சிட்டு சும்மா உக்காரணும்."

"சும்மாவா? அரை மணியா?"

"தண்ணி தெளியப் பத்து நிமிஷம் போதும். மிச்சம் உனக்குத்தான்."