ஹெட்லைட் தேய்த்த மதியம்

"இன்னும் தேய்" என்று ஜன்னலுக்குள் படுக்கையிலிருந்த கணவர் நெவிலின் கை ஆடியது. நரேல் உப்புத்தாளை வாளித் தண்ணீரில் முக்கி, இடது ஹெட்லைட்டின் மேல் வைத்து மறுபடி அழுத்தினாள். ஒரே திசையில் இழுக்க வேண்டும், சுற்றிச் சுற்றித் தேய்க்கக் கூடாது என்று காலையிலேயே அவர் பாதி மூச்சில் சொல்லியிருந்தார். மஞ்சள் சாறு கரைந்து பம்பர் வழியாகச் சொட்டியது.

மகள் பெலிண்டா, வீட்டில் பெல், அடிலெய்டிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். மாலை ஐந்தே முக்காலுக்கு பெட்ரோல் பங்கும் கடையும் சேர்ந்த நெடுஞ்சாலை ரோட்ஹவுஸில் இறங்குவாள். வீட்டிலிருந்து அறுபது கிலோமீட்டர். இங்கே ஜூன் குளிர்காலம், அந்நேரம் இருட்டிவிடும், கங்காருக்கள் ரோட்டுக்கு வந்துவிடும். இந்த மங்கிய விளக்கை நம்பி நரேல் இரண்டு வருஷமாக இருட்டில் வண்டி எடுத்ததில்லை. அக்கம்பக்கத்தாரைக் கேட்கலாம் என்றால், அவர்கள் குளிருக்குப் பயந்து வெயிலைத் தேடி வடக்கே போயிருந்தார்கள்.

ஹெட்லைட் நெவிலின் சொந்த ராஜ்ஜியம், வேறு யாரையும் தொட விடமாட்டார். ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் முன்னால் டூத்பேஸ்ட் போட்டுத் தேய்ப்பார். இரண்டு வாரம் பளிச்சென்று இருக்கும், அப்புறம் பழைய குருடி. ஒரு தடவை மதுக்கடையில் எவனோ சொன்னான் என்று கொசு விரட்டும் ஸ்ப்ரேயை அடித்தார். முதல் நாள் வைரம். மறுநாள் பிசுபிசுத்து விரிசல் விட்டது. ஒரு வாரம் யாரோடும் பேசாமல் திரிந்தார். இந்த வருஷம்தான் ஒழுங்காக உப்புத்தாள், பாலிஷ், ஒரு சின்ன பாட்டில் பூச்சு எல்லாம் அடங்கிய செட்டைத் தபாலில் வரவழைத்தார். அதைப் பிரிப்பதற்குள் நோய் முற்றிப் படுத்துவிட்டார். நரேல் பிரித்தபோது விவரத்தாளும் டப்பாவோடு குப்பைக்குப் போய்விட்டது.

இரண்டு விளக்கையும் தேய்த்து முடித்து நரேல் தள்ளி நின்று பார்த்தாள். முன்பாவது மஞ்சளாக இருந்தது. இப்போது பால் ஊற்றியதுபோல் வெள்ளை வெளேரென்று, ஒன்றுமே தெரியாமல் போய்விட்டது.

"நெவ்! கெடுத்துட்டேனா? அடுத்தது எந்தத் தாள்?"

கை ஜன்னல் விளிம்பில் கிடந்தது. ஆடவில்லை.

உள்ளே ஓடிப் பார்த்தாள். கண் பாதி திறந்து வண்டிப் பக்கமே இருந்தது. நரேல் ஈரக் கையோடு அவர் கன்னத்தைத் தொட்டாள், கூப்பிட்டாள், காத்திருந்தாள், மறுபடி கூப்பிட்டாள். மூச்சு இல்லை. மணி ஒன்றரை.

வாரம் இருமுறை வரும் நர்ஸ் சொல்லியிருந்தாள்: "அது நடந்தா பதறாதீங்க. ஒடனே கூப்பிடணும்னு இல்ல. உங்களுக்கு எப்ப முடியுதோ அப்பக் கூப்பிடுங்க." இப்போது கூப்பிட்டால் ஆட்கள் வருவார்கள், கையெழுத்துக் கேட்பார்கள், பெல் வருவதற்குள் கொண்டுபோய்விடுவார்கள். பெல் பாதி வழியில், சிக்னல் இல்லாத பொட்டல் வெளியில் இருந்தாள். முன்பின் தெரியாதவர்கள் நடுவே போனில் கேட்கிற சேதியா இது? நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும். அதற்கு விளக்கு வேண்டும்.

அவள் போனை எடுத்து பிரோக்கன் ஹில்லில் இருக்கும் வண்டி உதிரிபாகக் கடைக்கு அடித்தாள். கரகரத்த ஒரு பெண்குரல் எடுத்தது.

"சொல்லு கண்ணு."

"ஹெட்லைட்ட செட்டுல வந்த உப்புத்தாள் போட்டுத் தேச்சேன். ரெண்டும் வெள்ளையாப் போச்சு. போச்சுதானா?"

"எல்லாரும் இந்த எடத்துலதான் கண்ணு அழுதுட்டு போன் போடுவாங்க. மேல தண்ணிய ஊத்திப் பாரு. ஈரத்துல உள்ள இருக்கற பல்பு தெரிஞ்சா நீ ஜெயிச்ச. இன்னும் நைசான தாளா எடுத்துக்கோ, அப்புறம் பாலிஷ், கடைசியா அந்தச் சின்ன பாட்டில்ல இருக்கற பூச்சு. அத விட்டறாத, விட்டா மறுபடி மஞ்சளாயிரும். பூசுனதும் ஒரு மணி நேரம் கை வைக்கக் கூடாது. ஹோஸ் புடிக்க வீட்ல ஆம்பள யாரும் இல்லையா?"

"இருக்காரு. ஜன்னல்கிட்டதான்."

"ஜன்னல்ல ஒக்காந்து வேடிக்க பாக்கறாராக்கும்? என் வீட்லயும் ஒண்ணு அப்படித்தான் கெடக்கு."

நரேலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாகவே சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "ரொம்ப நாளா ஒடம்பு முடியல அவருக்கு" என்றாள்.

அந்தக் குரல் தணிந்தது. "சரி கண்ணு. நீயே பண்ணிருவ."

தண்ணீர் ஊற்றினாள். பல்பு தெரிந்தது. அதன்பின் ஜன்னலைத் திரும்பிப் பார்க்காமல் தேய்த்தாள். விரல்நுனி சுருங்கி, தோள் கழன்று விழும்போல் வலித்தது. பூச்சைப் பூசி முடித்தபோது மூன்றரை.

காய வேண்டிய அந்த ஒரு மணி நேரம் நெவிலின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் கண்ணை மூடிவிட்டாள், தலையைச் சீவிவிட்டாள். கடைசியில் தன் முகத்தைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்துக்கொண்டு போனாரே என்று கோபம் வந்தது. நாற்பத்தாறு வருஷம் கூட இருந்த மனிதர்மேல் இன்றைக்கும் கோபப்பட முடிகிறதே என்று அழுகையும் வந்தது. உடல் கெடக் கூடாதென்று ஹீட்டரை அணைத்தபோதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. குளிர் தாங்காத மனிதர்.

"பெல்ல கூட்டிட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு ஐந்து மணிக்குக் கிளம்பினாள். அவரைத் தனியே விட்டுப் போவது தப்பா சரியா என்று வழி நெடுக யோசித்தாள். வெளிச்சம் தூரத்து வேலிவரை போனது. ரோட்டோரம் நின்ற இரண்டு கங்காருக்கள் நன்றாகவே தெரிந்தன.

பஸ் முன்பே வந்து போயிருந்தது. ரோட்ஹவுஸ் வாசலில் தோள்பையோடு நின்ற பெல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓடி வந்தாள். பானெட்டைத் தட்டினாள், குனிந்து விளக்கைத் தடவினாள், கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

"அம்மா! யாரோ புது வண்டின்னு நெனச்சேன்! அப்பா எழுந்துட்டாரா? அவர் எழுந்திரிக்காம இத யாரு தொடுவா? என்கிட்ட ஒரு வார்த்த சொல்ல மாட்டியா? பஸ்ல பூராவும் அழுதுட்டே வந்தேன் தெரியுமா!"

வழியெல்லாம் பழகி வைத்திருந்த வாக்கியத்துக்காக நரேல் வாயைத் திறந்தாள். பெல்லின் முகம் அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"பெல், மொதல்ல உள்ள ஏறு. குளிரு."

"ஒரே நிமிஷம், வந்துர்றேன்."

விளக்கு வெளிச்சத்தைக் குறுக்கே கடந்து கடைக்குள் ஓடினாள். ஒரு காகிதப் பொட்டலத்தோடு திரும்பி வந்து ஏறி, அதை அம்மா மடியில் வைத்தாள்.

"கறி அடைச்ச மீட் பை, மூணு. அப்பாவோடதுல சாஸ் ஊத்தல."

காகிதம் மடியில் சுட்டது. பெல் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு காத்திருந்தாள். நரேல் இன்னும் வண்டியை எடுக்கவில்லை.