மூளைத்தண்டின் மறுபாதி

"அந்தக் கையாலயா சமைச்சே?"

"எனக்கு இருக்கிறதே இந்த ரெண்டு கைதானே அத்தை!"

"செத்த மாட்டு மூளையை அறுக்கிற கை. எனக்குப் பசிக்கலைம்மா."

கல்யாணமான புதிதில் எனக்கும் மாமியாருக்கும் நடந்த பேச்சு இது. அன்றிலிருந்து என் வீட்டுக்கு வந்தால் பால் கேனை வைப்பார், மகனிடம் நலம் விசாரிப்பார், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிடுவார். ஒன்று கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நாக்கு நுனிவரை வரும். அதற்குள் செருப்பை மாட்டியிருப்பார்.

போன வாரம் அவருடைய பசு ஒன்று எச்சில் ஒழுக, தீனியைத் தொடாமல் நின்றது. தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டது என்று நினைத்து, முழங்கை வரை கையை விட்டுத் துழாவியிருக்கிறார். புல் அறுத்த கீறல்கள் ஆறாத கை. மாடு செத்ததும், ரேபிஸ் என்கிற வெறிநோயாக இருக்குமோ என்ற சந்தேகத்தில் மாட்டு டாக்டர் மூளைத்துண்டை ஐஸ் பெட்டியில் நான் வேலை பார்க்கும் கால்நடை நோய் ஆய்வகத்துக்கு அனுப்பினார்.

"முடிவு வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க அத்தை. இன்னைக்கே போய் ஊசி போட்டுக்கோங்க."

"நாய் கடிச்சாத்தான் ஊசி. மாட்டு வாயில கையை விட்டதுக்குமா? உன் மிஷின் சொல்லட்டும், அப்புறம் பார்க்கலாம்."

பெற்ற பிள்ளை கெஞ்சியும் அசையவில்லை. அம்மி நகர்ந்தாலும் அவர் நகரமாட்டார்.

வீட்டு மாடு என்பதால் மூளையை ஒற்றியெடுத்த கண்ணாடிச் சில்லுகளை நான் மட்டும் பார்ப்பது சரியில்லை. தடித்த மூக்குக்கண்ணாடி போட்ட சக ஊழியரும் தனியாகப் பார்த்தார். அவரை நாங்கள் 'சோடாபுட்டி' என்றுதான் கூப்பிடுவோம். கிருமி இருந்தால், சாயம் அதைப் பிடித்துக்கொண்டு இருட்டறை நுண்ணோக்கியில் பச்சையாக மின்னும். இருவர் கண்ணுக்கும் ஒரே கறுப்பு.

"ஒண்ணுமில்லை. மாமியார் தப்பிச்சாங்க!" என்றவர், வாய் சும்மா இராமல் டாக்டருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

நான் மிச்சத் துண்டைத் தட்டில் திருப்பினேன். மூளைத்தண்டு முழு வட்டமாக இருக்க வேண்டும். இது ஒரு பக்கம் வழித்தெடுத்த பாதி. சிறுமூளை இல்லவே இல்லை.

"இது பாதிதான். மாட்டுல கிருமி ஒரு பக்கமா மட்டும் இருக்கலாம். 'இல்லை'ன்னு எழுதமாட்டேன்."

சோடாபுட்டி தலையைச் சொறிந்தார். போன் அடித்தது. மாமியார்.

"பார்த்தியா, டாக்டரே சொல்லிட்டார்! உன் வீட்டுக்காரன் நச்சரிப்புல ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். பாதி வழியில திரும்பிட்டேன்."

"இன்னும் முடியலை அத்தை, போங்க" என்பதற்குள் போனை வைத்துவிட்டார். மாட்டு டாக்டரைக் கூப்பிட்டேன்.

"தலையைப் புதைச்சாச்சு மேடம்."

"தோண்டுங்க."

"நாறிப்போயிருக்கும்."

"நேத்துதானே புதைச்சீங்க? நாத்தம் என் பாடு. ரெண்டு பக்கமும் சேர்த்து முழுத் தண்டு வேணும், சிறுமூளையும் வேணும். கையுறை, முகமூடி இல்லாம தொடாதீங்க."

முழுத் துண்டு வந்ததும் மறுபடியும் சில்லுகளில் ஒற்றி உறைகுளிரில் வைத்தோம், சாயமிட்டோம், கழுவினோம். இருட்டறையில் முதலில் உட்கார்ந்தது சோடாபுட்டி. ஒவ்வொரு சில்லையும் இரண்டு முறை பார்த்தார். பிறகு எழுந்து எனக்கு நாற்காலியைத் தள்ளினார். நான் குனிந்தேன். தண்டின் மறுபாதியில், தூவிவிட்டது போல, பச்சைப் புள்ளிகள்.

நான் சமைத்துக் கொண்டுவந்த சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு நேரே மாமியாரின் மாட்டுக் கொட்டிலுக்குப் போனேன்.

"வெறிநோய்தான் அத்தை. வண்டி வெளியில நிக்குது. நடந்து வர்றீங்களா, தூக்கிட்டுப் போகவா?"

என் முகத்தைப் பார்த்தார். "நீ தூக்குவியா? இடுப்பு ஒடிஞ்சிடும்டி" என்றபடி கை கழுவப் போனார்.

ஆஸ்பத்திரியில் கீறல் ஒவ்வொன்றையும் சுற்றி மருந்தேற்றியபோது பல்லைக் கடித்துக்கொண்டார். தோள் ஊசியும் முடிந்து, வராந்தா பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எல்லாரும் ஒண்ணுமில்லைன்னப்போ, உனக்கு மட்டும் எப்படிம்மா விடத் தோணலை?"

"பாதியைப் பார்த்துட்டு எப்படி அத்தை விடுறது?"

காலையிலிருந்து அவர் எதுவும் சாப்பிடவில்லை. டப்பாவைத் திறந்து, ஒரு வாய் எடுத்தேன். இந்த முறை அவர் செருப்பைத் தேடவில்லை.

"அத்தை, ரொம்ப நாளா ஒண்ணு கேட்கணும்னு இருக்கேன். இந்தக் கையால ஒரு வாய் சாப்பிடுங்க."