ஏழாம் கரைப் பை

அன்று காலை அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். ஜன்னலுக்கு முதுகு காட்டிப் பேராசிரியர். அவருக்கு இடப்புறம், எல்லோரும் ‘சராசரி’ என்று கூப்பிடும் புள்ளிவிவரக்காரர். கதவோரம், பாதியில் எழுந்து போகப் போகிறவர் போல நாற்காலி நுனியில், கரை கரையாகப் போய்ச் சிப்பி பெயர்த்து வருபவர். நான்காவதாக அவள், பைகள் அடுக்கிய அலமாரியை ஒட்டி; சிப்பி பெயர்ப்பவர் அவளுடைய தங்கை புருஷன்.

பன்னிரண்டு கரை, பன்னிரண்டு பை. அலை ஏறி இறங்கும் பாறைகளில் ஒட்டிக்கிடக்கும் கருஞ்சிப்பிகளின் ஓடுகளைக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் துளைக்கும். ஓடு வெளுக்கும், சொரசொரக்கும், கடைசியில் பொத்தலாகும். எந்தக் கரைச் சிப்பியில் எவ்வளவு துளை என்று பூதக்கண்ணாடியில் பார்த்து, ஒன்றிலிருந்து ஐந்துவரை தரம் போடுவது இரண்டு வருடமாக அவள் வேலை.

புரொஜக்டர் வெளிச்சத்தில் சுவரில் வரைபடம் விழுந்தது. வடகோடியில் வெளிர் மஞ்சள். தெற்கே இறங்க இறங்கச் சிவப்பு.

“குளிர்ற பக்கம் துளை கம்மி, காயற பக்கம் ஜாஸ்தி. படிக்கட்டு மாதிரி எப்படி ஏறுது பாருங்க!” பேராசிரியருக்கு வாயெல்லாம் பல். “நம்ம கட்டுரையப் போடற பத்திரிகைல, கணக்கெல்லாம் சரின்னு நாலு பேரும் தனித்தனியா கையெழுத்துப் போட்ட உறுதிமொழி கேட்டிருக்காங்க. சாயங்காலத்துக்குள்ள தபால்ல சேத்துடுங்க.”

நாலாவது பெயர் அவளுடையது. அச்சில் அவள் பெயர் வருவது இதுதான் முதல் தடவை.

ஆனால் அவள் கண் ஆறாம் படியிலேயே நின்றது. ஆறுக்கும் ஏழுக்கும் இடையில் மட்டும் ஏற்றம் இல்லை. இரண்டும் அச்சு அசலாக ஒன்று. போன வாரம் தங்கை போனில் ஏதோ பேச்சுவாக்கில், “போன வருஷம் பொங்கலப்ப பாப்பாவுக்கு மூணு நாள் காய்ச்சல் அடிச்சப்ப இவர் வாசப்படி தாண்டலையே, அவ்ளோ பாசம்” என்று சொல்லியிருந்தாள். அந்த மூன்று நாளும் ஏழாம் பையின் சீட்டில் இருந்த தேதிகள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆறாம் கரையிலேயே இரண்டு பைக்கும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டாரா? இந்த வேலைக்கு அவரைச் சிபாரிசு செய்தவளே அவள்தான்.

கூட்டம் கலைந்ததும் வராந்தாவில் அவரை மடக்கினாள்.

“தம்பி, ஏழாங்கரைக்கு நீங்கதானே போனீங்க?”

“வேற யாருக்கா போவா? உங்க பேராசிரியரா? அவருக்குப் பாறையில ஏறுனா முட்டி கழண்டுடும்.” சிரித்தார். சிரிப்பு சற்று அவசரமாக வந்த மாதிரி இருந்தது. “ஏன் கேக்குறீங்க?”

“சும்மா.”

“நீங்க சும்மா கேக்குற ஆளாக்கா?”

அவள் நேரே சராசரியிடம் போனாள். ஒன்று, ஆறு, ஏழு என்று மூன்று பைகளிலிருந்து பத்துப் பத்துச் சிப்பி எடுத்துக் கலக்கச் சொன்னாள். பை எண் ஓட்டின் உட்புறம் எழுதியிருப்பதால் குப்புறக் கவிழ்த்துவைத்தால் தெரியாது. வடகோடியின் ஒன்றாம் பை, ஒப்பிட்டுப் பார்க்க மட்டும்.

“என்ன, யாரையாச்சும் பிடிக்கப் போறீங்களா மேடம்?”

“வாயை மூடிட்டுக் கலக்குங்க. தொட்டுப் பாத்து அடையாளம் வச்சுடப் போறீங்க.”

“எம்மேலயும் சந்தேகமா! நல்ல மனசு.”

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு முப்பதையும் பார்த்தாள். பார்த்து முடித்து ஓடுகளைத் திருப்பி எண்வாரியாகப் பிரித்தாள். ஆறும் ஏழும் மறுபடியும் ஒன்றுபோலத்தான் இருந்தன. அகப்பட்டுக்கொண்டார் என்று நினைத்தபடியே ஒன்றாம் பைக்கு வந்தாள். அதுவும் அதே தரம். இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே ஓடுகளுக்கு அவள் ஒன்று, ஒன்று என்று வரிசையாகப் போட்டிருந்தாள். இன்று மூன்று, மூன்று.

பைகள் வடக்கிலிருந்து வரிசையாக வந்தன. அவளும் வரிசையாகவே பார்த்தாள். வந்த புதிதில் கண்ணுக்குப் படாத பொடித்துளைகள், பழகப் பழகப் படத் தொடங்கியிருக்கின்றன. அந்தப் படிக்கட்டில் கடலும் வெயிலும் ஏற்றியது எவ்வளவு, அவள் கண் ஏற்றியது எவ்வளவு? அத்தனை கரையும் இப்படி ஒன்றுபோல இருந்தால், ஆறும் ஏழும் ஒத்துப்போவது தங்கை புருஷனுக்கு எதிராக எதைச் சொல்லும்? அந்த மூன்று நாள் மட்டும் முள்ளாக அப்படியே நின்றது.

உறுதிமொழித் தாளை ஓரம் தள்ளிவிட்டு நாலைந்து வெள்ளைத்தாள் எடுத்தாள். பழைய தரம், இன்றைய தரம், பார்த்த தேதி மூன்றையும் கட்டம் போட்டு எழுதினாள். பன்னிரண்டு பையையும் கலந்து, வேறொருவர் எண் தெரியாமல் பார்க்கும்வரை கட்டுரையை நிறுத்திவைக்கும்படி பத்திரிகைக்கு எழுதினாள். காய்ச்சலைப் பற்றி ஒரு வரி எழுத இடம் விட்டாள். பேனா அந்த இடத்துக்கு மேலேயே வெகுநேரம் நின்றது. அது தங்கை வாயிலிருந்து விழுந்தது. அவள் கண்ணால் பார்த்ததல்ல. வெற்றிடத்தைக் குறுக்குக்கோடு போட்டு அடைத்து, அடியில் கையெழுத்திட்டாள்.

உறையை ஒட்டும்போது அவர் வாசலில் நின்றார்.

“தபாலாபீஸ் பக்கம்தான் போறேன். குடுங்கக்கா, சேத்துப் போட்டுடறேன்.”

“வேண்டாம் தம்பி. நானே போய்க்கறேன்.”

“கையெழுத்துப் போட்டீங்கல்ல?”

“போட்டேன்.”

அவர் பார்வை உறையின் தடிமனில் பதிந்தது. ஒற்றைத் தாளுக்கு அது அதிகம். விலகி வழிவிட்டார். தெரு முழுக்கப் பின்னால் ஒரு செருப்புச் சத்தம் கேட்பதுபோலவே இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தபாலாபீஸ் பெண் உறையைத் தராசில் வைத்து, முத்திரையை ஓங்கிக் குத்தி, தலைக்குப் பின்னால் பார்க்காமலே வீசினாள். அது தபால் சாக்கின் விளிம்பில் ஒரு கணம் தொற்றிக்கொண்டிருந்து, உள்ளே சரிந்தது.