வீட்டுத் தண்ணி

லோடு ஆட்டோவிலிருந்து முதல் பாட்டில் கட்டை இறக்கித் தமிழ்மாறன் தோளில் வைத்தபோதுதான் அம்சம் வாய் திறந்தாள். விடிந்ததிலிருந்து அவள் யாரிடமும் பேசவில்லை. புருஷனைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே இருந்தாள்.

"தமிழு, அத இறக்காத."

தமிழ்மாறன் நின்றான். பிளாஸ்டிக் உறைக்குள் தண்ணீர் பாட்டில்கள் வெயிலில் மின்னின.

"வர்றவங்களுக்குத் தண்ணி குடுக்க வேணாமாம்மா? வெயிலு இந்தப் போடு போடுது."

"உள்ள ஃபில்டர் இருக்கு. டம்ளர் இருக்கு."

"ஊரே வரும்மா. அது நூலு மாதிரி ஊத்தும். எப்பக் குடம் நெறையிறது?"

"இப்பவே புடிச்சு வெச்சா நெறையும். திருப்பி அனுப்பிடு."

அவன் அக்காவைப் பார்த்தான். கயல்விழி தஞ்சாவூரில் ஸ்டாஃப் நர்ஸ். நேற்று மதியம் நெஞ்சை அடைக்கிறது என்று அப்பா சொன்னதாகப் போன் வந்து, அவள் பஸ் ஏறி, பாதி வழி வருவதற்குள் முடிந்துவிட்டது. வேறு சமயமாக இருந்தால் தம்பி பக்கம்தான் பேசியிருப்பாள்.

"அனுப்பிருடா" என்றாள். உள்ளே போய்க் குடத்தைக் கழுவி ஃபில்டருக்கு அடியில் வைத்தாள்.

கீழ்வேளூருக்குக் கிழக்கே போகப்போக நிலத்தடி நீர் உப்பு. அவர்கள் வீட்டு போர் தண்ணீரில் பருப்பு வேகாது, டீ திரிந்த மாதிரி இருக்கும். எல்லா வீட்டிலும் கேன் தண்ணீர் இறங்கியபோது இவர்கள் வீட்டிலும் இறங்கியது. அதை நிறுத்தியவர் அப்பா செல்லதுரைதான். போர் தண்ணீரை ஒரு சீசாவில் பிடித்துக்கொண்டு நாகப்பட்டினத்தில் கடை கடையாக ஏறி இறங்கினார். எவ்வளவு உப்பு என்று பார்க்கச் சொன்னார். சாதா ஃபில்டர் இதற்குப் போதாது, ஆர்.ஓ.தான் வேண்டும் என்று அவர்கள் சொன்ன பிறகு கயல்விழிக்குப் போன் போட்டார்.

"ரெண்டு பேருக்கு எதுக்குப்பா மிஷினு? கேனே போதும்ல."

"கேன் தண்ணி மட்டும் என்ன, வானத்துலேருந்தா வருது? இதே போர் தண்ணிய எவனோ சுத்தம் பண்ணி நமக்கே விக்கிறான். அத நானே பண்ணிக்கிறேன்."

பணம் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார் என்றுதான் அவள் அன்று நினைத்தாள். மிஷின் வந்த வாரம் ஊருக்கு வந்தபோது காரணம் தெரிந்தது.

செல்லதுரையின் அப்பா மேலத்தெரு பண்ணையில் காலமெல்லாம் வேலை செய்தவர். அந்தப் பண்ணை நிலத்திலேயே ஒரு பகுதியை வாங்கி, பிறகு கடனில் ஓர் அறுப்பு மிஷினும் வாங்கியவர் செல்லதுரை. அறுவடை நேரத்தில் மேலத்தெருக்காரர்கள் கீழத்தெருவுக்கு வந்தாக வேண்டியிருந்தது. முதலில் வந்தவர் பண்ணை வீட்டு இராஜாங்கம். அம்சம் டம்ளரில் தண்ணீர் நீட்டினாள். இப்போதுதான் குடித்தேன் என்றார். வெயிலில் நாக்கு ஒட்டிக்கொண்டு பேசினார். அம்சம் மனசு கேட்காமல் கடையிலிருந்து ஒரு பாட்டில் வாங்கி வரச் செய்தாள். அவர் மூடியைத் திருகிச் சீலை உடைத்து ஒரே மூச்சில் பாதியைக் குடித்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் மேலத்தெருவுக்கென்று பாட்டில்கள் இருந்தன.

தண்ணீர் மிஷின் மாட்டியதும் செல்லதுரை மிச்சமிருந்த பாட்டில்களை அறுப்பு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார்.

"இனிமே யாரு வந்தாலும் வீட்டுத் தண்ணிதான். குடிக்கிறவங்க குடிக்கட்டும்."

"பாட்டில் வாங்கி வெச்சா என்னப்பா கொறஞ்சிரப் போவுது? வேலை வராமப் போயிரும்" என்றாள் கயல்விழி.

"போனாப் போவட்டும்."

அந்தப் போகம் இராஜாங்கம் வெளியூர் மிஷினைக் கூப்பிட்டார். அடுத்த போகத்தில் திரும்பி வந்தார். ஆனால் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போனார். உள்ளே வந்து உட்காரவில்லை. அப்பாவும் கூப்பிடுவதை விட்டுவிட்டார்.

பகல் ஏறியது. மஸ்கட்டிலிருந்து தங்கச்சி செம்மொழி வந்து சேர வேண்டும், அதற்குப் பிறகுதான் எடுப்பது. பந்தலில் கூட்டம் சேர்ந்தது. கயல்விழி குடமும் டம்ளருமாகப் போய்ப்போய் வந்தாள்.

இராஜாங்கம் மாலையோடு வந்தார். முன்பைவிட இளைத்திருந்தார். மாலையைப் பெட்டியின் மேல் வைத்துக் கொஞ்ச நேரம் முகத்தையே பார்த்தார். பிறகு பந்தலில் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். கயல்விழி டம்ளரை நீட்டவில்லை. அவரைத் தாண்டி அடுத்தவருக்குக் கொடுத்தாள்.

திரும்பி வரும்போது அவருடைய சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கை நடுங்கியது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவள் குடத்தை வைத்துவிட்டு ஓடிப்போய் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஐயா, சுகர் இருக்கா ஒங்களுக்கு?"

"ம்."

"காலையில சாப்பிட்டீங்களா?"

"ஊசி போட்டேன். சாப்பிடல. சேதி கேட்டு அப்படியே..."

"அம்மா, ஒரு டம்ளர்ல சீனி நெறையாப் போட்டுக் கரைச்சுக் கொண்டாங்க."

இராஜாங்கம் கையை லேசாக ஆட்டினார். "டிரைவரக் கூப்பிடு. கார்ல பாட்டிலு இருக்கு."

கார் மெயின் ரோட்டில் நின்றது. யாரோ டிரைவரைத் தேடிப் போனார்கள். அதற்குள் அம்சம் பெட்டியின் பக்கத்திலிருந்து எழுந்து போய்த் தண்ணீரோடு வந்துவிட்டாள். சீனி முழுக்கக் கரையாமல் அடியில் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் டம்ளரை நீட்டியபடி நின்றாள்.

"அவரு வர்ற வரைக்கும் தாங்காதுங்கய்யா. இப்பக் குடிச்சாகணும்" என்றாள் கயல்விழி.

பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இராஜாங்கம் டம்ளரைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் வாங்கினார். கை நடுங்கியதில் கொஞ்சம் வேட்டியில் சிந்தியது. கயல்விழி டம்ளரின் அடியைத் தாங்கிக்கொண்டாள். முதல் மடக்கு மெதுவாகப் போனது. அப்புறம் நிறுத்தாமல் குடித்தார்.

சற்று நேரத்தில் வியர்வை அடங்கியது. கண் நிலைக்கு வந்தது.

"உப்பே தெரியலையே" என்றார்.

"அவங்க பாத்துப் பாத்து வாங்கி வெச்ச மிஷினுங்க" என்றாள் அம்சம். காலி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

டிரைவர் மூச்சிரைக்க வந்தான். வீட்டுக்குப் போய் உடனே சாப்பிடச் சொல்லி அனுப்பினாள் கயல்விழி. நடையில் தெம்பு வந்துவிட்டதா என்று பார்ப்பதற்காகத் தெருமுனை வரை பின்னாலேயே போனாள். அவர் நன்றாகத்தான் நடந்தார். காரில் ஏறுவதற்கு முன்னால் கையை நீட்ட, டிரைவர் பாட்டிலைத் திறந்து கொடுத்தான். அவர் ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்து ரோட்டோரம் துப்பினார். இன்னொரு வாய் எடுத்து, அதையும் துப்பினார். துண்டால் உதட்டைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

சீனித் தண்ணீர் குடித்தால் வாயில் பிசுபிசுப்பு இருக்கத்தான் செய்யும். கார் போன பிறகும் கயல்விழி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

திரும்பி வந்தபோது அம்சம் பழையபடி பெட்டியின் கால்மாட்டில் இருந்தாள்.

"போயிட்டாங்களா?"

"போயிட்டாங்கம்மா."

"முழுசாக் குடிச்சாருல்ல?"

"முழுசாத்தான் குடிச்சாரு."

அம்சம் தலையை அசைத்தாள். பெட்டியின் கண்ணாடியில் உள்ளே முகம் தெரியாதபடி ஈரம் பூத்திருந்தது. எழுந்து தலைமாட்டுக்குப் போய், முந்தானையால் அந்த இடத்தை மட்டும் மெதுவாகத் துடைத்துவிட்டாள்.